புள்ளியை நொடியால் வகுக்கும் ஆட்டம்: பிராக்டிகல் பிஸ்டல் ஷூட்டிங்

பிராக்டிகல் பிஸ்டல் போட்டியை முதன்முறை பார்ப்பவருக்கு ஓட்டமும் வெடிச்சத்தமும்தான் கண்ணிலும் காதிலும் நிற்கும். யார் சீக்கிரம் முடிக்கிறாரோ அவருக்கே பரிசு என்று தோன்றும். ஸ்கோர் பட்டியலைப் பார்த்ததும் குழப்பம் ஆரம்பிக்கும். ஒரு ஸ்டேஜை, அதாவது போட்டியின் ஒரு சுற்றை, 13 நொடியில் முடித்தவர் மூன்றாவது இடத்தில் இருக்கிறார். 24 குண்டையும் நடுப்பகுதியிலேயே வைத்தவர் இரண்டாவது. முதலிடத்தில் இருப்பவரோ வேகத்திலும் முதல் இல்லை, துல்லியத்திலும் முதல் இல்லை.

குழப்பத்துக்கு விடை ஒரு வகுத்தல் கணக்கு. எடுத்த புள்ளியை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் வருவது ‘ஹிட் ஃபேக்டர்’. ஒரு ஸ்டேஜில் ஒரு டிவிஷனில் (துப்பாக்கி வகைப்படியான பிரிவில்) யாருடைய ஹிட் ஃபேக்டர் அதிகமோ, அவருக்கு அந்த ஸ்டேஜின் முழுப் புள்ளி. மற்றவர்களுக்கு அவருடைய ஹிட் ஃபேக்டரில் எத்தனை சதவீதமோ அத்தனை. எல்லா ஸ்டேஜையும் கூட்டினால் போட்டியின் முடிவு. இந்த ஆட்டத்தின் துப்பாக்கி வகைகள், ஓடும் விதம், தோட்டாப் பெட்டியான மேகசினை மாற்றும் இடம், பயிற்சி முறை எல்லாமே இந்த ஒரு வகுத்தலிலிருந்து கிளைத்தவைதான். அது மனதில் ஏறாதவரை, எவ்வளவு நன்றாகச் சுடத் தெரிந்தாலும் பட்டியலின் நடுவில்தான் பெயர் இருக்கும்.

புள்ளி எப்படி வருகிறது

அட்டை இலக்கில் ஏ, சி, டி என்று மூன்று பகுதிகள். அமெரிக்க அமைப்பான யு.எஸ்.பி.எஸ்.ஏ.வின் அட்டையில் உடற்பகுதி ஏ என்பது 6 அங்குல அகலமும் 11 அங்குல உயரமும் கொண்ட செவ்வகம். கோடு லேசாகத்தான் அச்சாகியிருக்கும். சுடும் தூரத்திலிருந்து தெரியாது. ஏ-யில் பட்டால் 5 புள்ளி. சி, டி-க்கு எவ்வளவு என்பது தோட்டாவின் சக்தியைப் பொறுத்தது: ‘மேஜர்’ தோட்டாவுக்கு 4, 2; ‘மைனர்’ தோட்டாவுக்கு 3, 1. பெரும்பாலும் ஒரு அட்டைக்கு இரண்டு குண்டு. இரும்பு இலக்கு விழ வேண்டும், விழுந்தால் 5. நின்றுகொண்டிருந்தால் சத்தம் கேட்டாலும் புள்ளி இல்லை.

தவறவிட்டால் மைனஸ் 10. சுடக்கூடாத ‘நோ-ஷூட்’ அட்டையில் பட்டாலும் மைனஸ் 10. எல்லைக் கோட்டைத் தாண்டி நின்று சுடுவது போன்ற நடைமுறைப் பிழைக்கும் மைனஸ் 10. தவறவிட்டவருக்குப் போவது 10 மட்டுமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வரவேண்டிய 5-ம் வராமல் போவதால் மொத்த இழப்பு 15.

‘காம்ஸ்டாக்’ எனப்படும் வழக்கமான முறையில் எத்தனை குண்டு வேண்டுமானாலும் சுடலாம். அட்டையில் உள்ளவற்றில் சிறந்த இரண்டு மட்டும் எண்ணப்படும். அதனால் மோசமாகப் போன குண்டை இன்னொன்று சுட்டுச் சரிசெய்யலாம். அதற்கு ஆகும் நேரம்தான் விலை.

இந்த விலையை மனக்கணக்காகவே போடலாம். ஒரு புள்ளியின் மதிப்பு, ஒன்றை ஹிட் ஃபேக்டரால் வகுத்தால் வரும் நொடி. ஹிட் ஃபேக்டர் 10 வரும் கிட்டத்து இலக்கு ஸ்டேஜில் ஒரு புள்ளி 0.1 நொடி. மைனரில் ஏ-க்குப் பதில் சி விழுந்தால் இழப்பு 2 புள்ளி, அதாவது 0.2 நொடி. அதைத் திருத்த இன்னொரு குண்டு சுட 0.2 நொடிக்கு மேல் ஆகும். விட்டுவிட்டு நகர்வதே லாபம். ஹிட் ஃபேக்டர் 4-க்குள் அடங்கும் தூர இலக்கு ஸ்டேஜில் அதே சி-யின் விலை அரை நொடி. அங்கே அவசரப்படுபவர் கையிலிருப்பதை இறைக்கிறார். தவறவிட்ட குண்டு ஹிட் ஃபேக்டர் 10-ல் 1.5 நொடி, 5-ல் 3 நொடி. தவறியது அப்போதே தெரிந்து, நின்ற இடத்திலேயே இன்னொன்று சுட்டால் கால் நொடியில் அந்த 15 புள்ளியும் மீளும்.

‘வேகமாகச் சுடு’, ‘நிதானமாகச் சுடு’ என்ற பொது அறிவுரை இரண்டும் உதவாமல் போவது இதனால்தான். ஸ்டேஜைப் பார்த்ததும் இங்கே ஹிட் ஃபேக்டர் எவ்வளவு வரும் என்று ஊகித்து, அதற்கேற்ப அவசரத்தை அளந்து வைப்பவரே மேலே வருகிறார்.

சக்தியை ஏன் அளக்கிறார்கள்

1950-களில் கலிபோர்னியாவின் பிக் பேர் பகுதியில் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் நடத்திய உருவிச் சுடும் போட்டிகளில் இந்த விளையாட்டின் வேர் இருக்கிறது. இடுப்பிலிருந்து ஒரு கையால் விசுக்கென்று சுடுவதுதான் வேகம் என்று எல்லோரும் நம்பிய காலம். ஷெரிஃப் துறையில் இருந்த ஜாக் வீவர், இரண்டு கையாலும் பிடித்துக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, பார்த்துச் சுட்டு ஜெயித்தார். தாமதமாகத் தெரிந்த முறை, பட வேண்டிய இடத்தில் பட்டதால் உண்மையில் வேகமானதாக இருந்தது. 1976 மே மாதம் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடிய மாநாட்டில் சர்வதேச அமைப்பான ஐ.பி.எஸ்.சி. பிறந்தது. கூப்பரே முதல் தலைவர். துல்லியம், சக்தி, வேகம் மூன்றும் சமமாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. சக்தியை விட்டுவிட்டால் எல்லோரும் உதைப்பே இல்லாத மெல்லிய தோட்டாவுக்கு மாறிவிடுவார்கள் என்ற கவலையில் பிறந்ததுதான் ‘பவர் ஃபேக்டர்’.

குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்து, பெருக்கி, 1000-ஆல் வகுக்க வேண்டும். 124 கிரெயின் குண்டு 1030 அடி வேகத்தில் போனால் 127.7. மைனருக்குக் குறைந்தபட்சம் 125, இது தேறிவிடும். மேஜருக்கு ஐ.பி.எஸ்.சி.யின் ஸ்டாண்டர்ட் டிவிஷனில் 170, ஓபன் டிவிஷனில் 160, யு.எஸ்.பி.எஸ்.ஏ.வில் 165. மேஜரின் அனுகூலம் ஒவ்வொரு சி, டி-யிலும் ஒரு புள்ளி கூடுதல். விலையாகக் கையில் வாங்குவது அதிக உதைப்பு. புரொடக்‌ஷன் டிவிஷனில் இந்தத் தேர்வே இல்லை, எல்லோருக்கும் மைனர்தான். புதிதாக வருபவர்கள் அங்கே தொடங்குவது நல்லது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: சி-யின் வலி அதிகம் என்பதால் ஏ-யில் சுடும் பழக்கம் சீக்கிரம் வருகிறது.

பெரிய போட்டியில் ஆளுக்கு 8 தோட்டாவை அதிகாரிகளே எடுத்துக்கொள்வார்கள். ஐ.பி.எஸ்.சி. முறையில் ஒன்றைப் பிரித்துக் குண்டை எடைபோடுவார்கள். மூன்றை அவரவர் துப்பாக்கியிலேயே வேகமானி முன் சுட்டுச் சராசரி பார்ப்பார்கள். தேறாவிட்டால் இன்னும் மூன்று. அப்போது ஆறில் சிறந்த மூன்றின் சராசரி. கடைசி ஒன்றையும் சுடுவதா, இன்னொரு முறை எடைபோடுவதா என்பது போட்டியாளரின் விருப்பம். ஸ்டாண்டர்டில் மேஜர் என்று சொல்லி 169.8 வந்தால் மைனராக எண்ணுவார்கள். மைனரே 125-க்குக் கீழே போனால் போட்டி முழுக்கச் சுடலாம், ஸ்கோர் கிடையாது.

இங்கே விழுபவர்களில் பெரும்பாலானோர் ஏமாற்றப் பார்த்தவர்கள் அல்ல, விளிம்பில் தயாரித்தவர்கள். வீட்டில் வெயில் நாளில் அளந்து 126 வந்ததும் திருப்திப்பட்டு நிறுத்தியிருப்பார்கள். பல வெடிமருந்துகள் குளிரில் வேகம் குறையும்; ஒரு குழலுக்கும் இன்னொன்றுக்கும்கூட வேகம் மாறும். மைனருக்கு 130-ஐ ஒட்டி வைத்துக்கொண்டால் உதைப்பில் வித்தியாசம் தெரியாது, வேகமானி முன்னால் வியர்க்கவும் வேண்டாம்.

ஒரு ஸ்டேஜ், கிட்டப் போய்

24 குண்டு, 120 புள்ளி கொண்ட நடுத்தர ஸ்டேஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடது மூலையில் 3 அட்டையும் ஒரு பாப்பரும் (பட்டால் சாயும் இரும்பு இலக்கு): 7 குண்டு. ஆறு மீட்டர் ஓடினால் நடுவில் ஒரு ஜன்னல், அதன் வழியே 4 அட்டை: 8 குண்டு. அங்கிருந்து வலது மூலை, 3 அட்டையும் 3 இரும்புத் தட்டும்: 9 குண்டு. ஒரே இடத்திலிருந்து 9-க்கு மேல் சுட வைக்கக்கூடாது என்பது ஐ.பி.எஸ்.சி. விதி, ஆகவே அமைப்பு சரி. சுடுபவரிடம் 15 தோட்டா கொள்ளும் மேகசின்கள்.

புதியவரின் கண் உடனே 7-ஐயும் 8-ஐயும் கூட்டும். ‘பதினைந்து! ஜன்னல் முடிந்ததும் ஒரு முறை மாற்றினால் போதும்.’ காகிதத்தில் அழகான திட்டம். பாப்பரில் ஒரு குண்டு தவறினால், ஜன்னலில் ஒன்றைத் திருத்த வேண்டியிருந்தால், கடைசி அட்டையின் முன் துப்பாக்கி காலியாகி, அதன் நகரும் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் பூட்டிக்கொள்ளும். நின்ற இடத்தில் மேகசின் மாற்றி, ஸ்லைடை விட்டு, மறுபடி குறிபார்க்க, திகைப்பையும் சேர்த்து 2 நொடிக்கு மேல் பறந்துவிடும்.

அனுபவசாலி இடமிருந்து ஜன்னலுக்கு ஓடும்போதே ஒருமுறை மாற்றுவார். அப்போது துப்பாக்கியின் வெடி அறையில் ஒன்று, மேகசினில் 15, ஆக 16. ஜன்னலுக்கும் வலது மூலைக்கும் 17 வேண்டும் என்பதால் இரண்டாம் ஓட்டத்திலும் இன்னொரு முறை மாற்றுவார். பாதி நிரம்பிய இரண்டு மேகசின் தரையில் கிடக்கும், அதனால் என்ன? ஓட எப்படியும் நேரம் ஆகப் போகிறது, அந்த நேரத்துக்குள்ளேயே மாற்றம் முடிந்துவிட்டால் அதற்குத் தனியாக விலை கிடையாது. எல்லா இடத்திலும் திருத்தும் குண்டுக்கு இருப்பும் இருக்கும். பெல்ட்டில் நான்கைந்து மேகசின் தொங்குவது பந்தாவுக்கு இல்லை.

இப்போது கணக்கு. மைனரில் மூன்று பேர் சுட்டதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் 14.00 நொடி, 20 ஏ, 4 சி: 112 புள்ளி, ஹிட் ஃபேக்டர் 8.00. இரண்டாமவர் 24-ம் ஏ, நேரம் 16.50: 120 புள்ளி, 7.27. மூன்றாமவர் 13.00 நொடி, 18 ஏ, 4 சி, 1 டி, ஒன்று தவறியது: 93 புள்ளி, 7.15. முதலாமவருக்கு ஸ்டேஜ் புள்ளி 120, இரண்டாமவருக்கு 109.1, மூன்றாமவருக்கு 107.3. மூன்றாமவர் அந்த ஒரு குண்டை உடனே உணர்ந்து கூடுதலாக 0.3 நொடி செலவழித்து ஏ-யில் வைத்திருந்தால் 108 புள்ளி, 13.30 நொடி, ஹிட் ஃபேக்டர் 8.12. முதலிடமே அவருடையது.

உணர்வது என்று சொன்னது அட்டையில் துளையைத் தேடுவதை அல்ல. குண்டு கிளம்பும் கணத்தில் குறிமுனையோ சிவப்புப் புள்ளியோ எங்கே இருந்தது என்று கண் பிடித்துக்கொள்வது. இதைத்தான் ‘ஷாட் கால்’ என்பார்கள். அட்டையைப் பார்த்துத் துளை தேடுபவர் ஒவ்வொரு இலக்கிலும் கால் நொடி தொலைக்கிறார், பத்து மீட்டருக்கு அப்பால் துளை சரியாகத் தெரியவும் தெரியாது.

நேரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் இதே ஸ்டேஜில் பார்த்துவிடலாம். பத்து அட்டை, பத்து இரட்டைக் குண்டு. இரு குண்டுக்கு இடையிலான இடைவெளியை 0.25-லிருந்து 0.20-ஆகக் குறைக்க மாதக்கணக்கில் பாடுபட்டால் மிச்சம் மொத்தமே அரை நொடி. ஜன்னலுக்கு வந்து நின்று, பிறகு துப்பாக்கியை உயர்த்தி, பிறகு குறிதேடுவதை விட்டு, கடைசி இரண்டு அடியிலேயே துப்பாக்கி கண்முன் தயாராக வந்து சேர்ந்தால் ஒவ்வொரு இடத்திலும் 0.3 நொடி மிச்சம். கிளம்பும்போது கடைசி அட்டையாகக் கிட்டத்தில் உள்ள சுலபமானதை வைத்துக்கொண்டு, உடல் நகரத் தொடங்கியபடியே அதைச் சுட்டால் இன்னொரு 0.3. இரண்டு வருகை, இரண்டு கிளம்பல்: 1.2 நொடி. டிரிக்கர் விரலின் வேகத்தைக் காட்டும் வீடியோக்கள் நன்றாக ஓடுகின்றன. கோப்பையை வாங்கித் தருவது பெரும்பாலும் கால்தான்.

ஸ்டேஜைப் பார்க்க ஒரு குழுவுக்குச் சில நிமிடமே கிடைக்கும். அதற்குள் எந்த இலக்கு எங்கிருந்து தெரிகிறது என்று பார்த்து, ஒரு வரிசையை முடிவுசெய்து, கண்ணை மூடினால் முழுதும் ஓடும்வரை மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்னால் சுட்டவர் வேறு வழியில் போய் நன்றாகச் செய்தார் என்பதற்காகக் கடைசி நிமிடத்தில் திட்டத்தை மாற்றுபவர்கள்தான் அட்டையையே மறந்துவிட்டு வருவார்கள். இரண்டு குண்டும் சுடாமல் விட்ட ஒரு அட்டைக்கு, சுடாமல் விட்டதற்கான நடைமுறைப் பிழையையும் சேர்த்து இழப்பு 40 புள்ளி. சுமாரான திட்டத்தைச் சுத்தமாக முடிப்பது, அருமையான திட்டத்தில் பாதியில் தடுமாறுவதைவிட எப்போதும் மேல்.

கையும் கண்ணும்

1980-களின் தொடக்கத்தில் ராப் லெதமும் பிரையன் ஈனோஸும் வீவர் நிலையைக் கைவிட்டு, இரு கையையும் சமமாக நீட்டி, பெருவிரல்களை முன்னோக்கி வைத்துப் பிடித்தார்கள். இன்று மேல்மட்டத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் அப்படித்தான். சுடும் கை, பிடியின் மேலே பின்பக்கம் நீண்டிருக்கும் பீவர்டெயிலுக்கு அடியில் முடிந்தவரை உயரத்தில் இருக்க வேண்டும். துணைக் கை, பிடியின் பக்கத்தில் மிச்சமிருக்கும் இடத்தை முழுதாக நிரப்ப வேண்டும். அழுத்தத்தின் பெரும்பங்கு துணைக் கையிடம்; சுடும் கை ரொம்ப இறுக்கினால் டிரிக்கர் விரலும் விறைத்து, வலக்கையரின் குண்டு கீழே இடப்பக்கம் போகும். குண்டெல்லாம் அந்த மூலையிலேயே கூடுகிறது என்று குறிமுனையைத் திருகப் போகிறவர்கள் பலர். முதலில் கையைப் பாருங்கள்.

1990-ல் டக் கோனிக் சிவப்புப் புள்ளிக் குறியுடன் உலகப் பட்டம் வென்றார். அப்போது அது ஓபன் டிவிஷனின் பந்தயத் துப்பாக்கிகளுக்கு மட்டுமான சமாச்சாரம். இப்போது சாதாரணத் துப்பாக்கியின் ஸ்லைடு மேலேயே அந்தக் குறி ஏறிவிட்டது, அதற்கென்று தனி டிவிஷன்கள் வந்து அவையே மிகப் பெரிய கூட்டத்தை இழுக்கின்றன. திறந்த குறியில் கண்ணின் கூர்மை முன்முனையில். சிவப்புப் புள்ளியில் கண் இலக்கிலேயே இருக்க வேண்டும், புள்ளி தானாக அதன் மேல் வந்து உட்காரும். பழைய பழக்கத்தில் புள்ளியையே துரத்துபவருக்கு, புதுக் கருவியால் வேகம் கூடாமல் குறைவதும் உண்டு.

ஆர்.ஓ.வின் கையில்

ஓடிக்கொண்டே துப்பாக்கி சுடும் விளையாட்டு பாதுகாப்பாக நடப்பதற்குக் காரணம், அதில் மன்னிப்பே இல்லாத சில விதிகள். ரேஞ்ச் முழுக்க ‘கோல்ட்’ (cold): சுடும் முறை வந்து அதிகாரி ஆணையிடும்வரை எல்லாத் துப்பாக்கியும் காலியாக உறையில் இருக்கும். துப்பாக்கியை எடுத்துப் பார்க்க, சரிசெய்ய ‘சேஃப்டி ஏரியா’ என்று தனி இடம் உண்டு. அங்கே தோட்டாவைக் கையால் தொட்டாலே போட்டியிலிருந்து வெளியேற்றம், பயிற்சிக்கான டம்மித் தோட்டாவானாலும். துப்பாக்கியும் தோட்டாவும் அதிகாரியின் கண்முன் தவிர எங்கும் சேரக்கூடாது என்பதே இதன் உட்பொருள்.

முறை வந்ததும் ரேஞ்ச் ஆபீசர், சுருக்கமாக ஆர்.ஓ., ‘லோட் அண்ட் மேக் ரெடி’ என்பார். பிறகு ‘ஆர் யூ ரெடி?’, ‘ஸ்டேண்ட் பை’. அதிலிருந்து 1 முதல் 4 நொடிக்குள் பீப். டைமரில் உள்ள மைக் ஒவ்வொரு குண்டின் சத்தத்தையும் பதியும். கடைசிச் சத்தத்தின் நேரமே ஸ்டேஜ் நேரம். முடிந்ததும் ‘அன்லோட் அண்ட் ஷோ க்ளியர்’, ‘இஃப் க்ளியர், ஹேமர் டவுன், ஹோல்ஸ்டர்’. ‘ரேஞ்ச் இஸ் க்ளியர்’ என்று கேட்கும்வரை யாரும் இலக்கு பக்கம் நகரக்கூடாது.

வெளியேற்றப்படும் காரணங்களில் அடிக்கடி வருவது குழல் திசை. பின்சுவரை நேராகப் பார்த்து நிற்பதாக வைத்தால், இரு பக்கமும் 90 பாகையைக் குழல் தாண்டக்கூடாது. வலக்கையர் இடப்பக்கம் ஓடிக்கொண்டே மேகசின் மாற்றும்போதுதான் இது அதிகம் நடக்கும். துப்பாக்கியை உடம்புக்குக் குறுக்கே சாய்த்து மேகசின் கிணற்றைப் பார்ப்பது வழக்கம். உடம்பு இடப்பக்கம் திரும்பியிருந்தால் குழல் பின்னால் போய்விடும். அந்தத் திசையில் ஓடும்போது முழங்கையை மடக்கி, குழலைப் பின்சுவருக்கே காட்டியபடி மாற்றப் பழக வேண்டும். நகரும்போதும் மேகசின் மாற்றும்போதும் விரல் டிரிக்கர் வளையத்துக்குள் இருப்பது அடுத்த காரணம். எண்ணாமல் வெடித்த குண்டு, ஸ்டேஜில் கைநழுவிய துப்பாக்கி, இரண்டுக்கும் விவாதமே இல்லை. ஸ்டேஜுக்கு வெளியே காலியான துப்பாக்கி விழுந்தால் அது மட்டும் வெளியேற்றம் அல்ல. குனிந்து நீங்களே எடுத்தால்தான் வெளியேற்றம். அப்படியே நின்று ஆர்.ஓ.வைக் கூப்பிட வேண்டும்.

வெளியேற்றப்பட்டவரை யாரும் இழிவாகப் பார்ப்பதில்லை. துப்பாக்கியைப் பையில் வைத்துவிட்டு, மிச்ச நாளும் குழுவோடு நின்று அட்டைக்கு ஸ்டிக்கர் ஒட்டுபவர்மேல் மரியாதை கூடவே செய்யும். ஆர்.ஓ.விடம் சத்தம் போடுபவரைத்தான் அடுத்த போட்டியிலும் நினைவு வைத்திருப்பார்கள்.

துப்பாக்கி மக்கர் செய்யும்போது

பட்டியலில் சரிவதற்குத் திறமைக்குறைவைவிடக் கருவிக்கோளாறு அதிக முறை காரணமாகிறது. முதல் குற்றவாளி மேகசின். மண்ணில், சேற்றில் விழுந்ததைத் தட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் உள்ளே புகுந்த மணல், தோட்டாவை மேலே தள்ளும் ஃபாலோவரைப் பிடித்துக்கொள்ளும், தோட்டா மேலே ஏறாது. ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் பிறகு அடித்தட்டைக் கழற்றி நீண்ட பிரஷால் துடைப்பது சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை. எல்லா மேகசினிலும் பெரிய எழுத்தில் எண் எழுதுங்கள். மூன்று போட்டியில் சிக்கல் வந்தபோதெல்லாம் 4-ஆம் எண்தான் உள்ளே இருந்தது என்று தெரிந்தால், ஸ்பிரிங்கையோ விரிந்த வாயையோ பார்க்கலாம். எண் இல்லாதவர் துப்பாக்கியைக் குறைசொல்லிக்கொண்டிருப்பார்.

சொந்தமாகத் தோட்டா தயாரிப்பவர்களுக்கு இன்னும் இரண்டு தலைவலி. உப்பிய கேஸும் (தோட்டாவின் உறை) நீளம் கூடிய தோட்டாவும் வெடி அறையில் முழுதாக இறங்காமல் ஸ்லைடை நடுவில் நிறுத்தும். கழற்றிய குழலிலோ அளவு பார்க்கும் கேஸ் கேஜிலோ ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தால் அகப்பட்டுவிடும். தானாக விழுந்து, விரலால் சுழற்றினால் சுழல வேண்டும். மற்றது முழுதாக அமராத பிரைமர், அதாவது தோட்டாவின் அடியில் இருக்கும் பற்றவைக்கும் மூடி. முதல் அடியின் வலிமை பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே போய்விடும், இரண்டாவது அடியில் வெடிக்கும். டிரிக்கரை மெதுவாக்க ஹேமர் ஸ்பிரிங்கை இளக்கியவர்களுக்கு இது இன்னும் அதிகம் வரும்.

‘க்ளிக்’ என்று மட்டும் கேட்டால் மேகசினின் அடியைத் தட்டி, ஸ்லைடை இழுத்துவிட்டு, தொடரலாம்; ஒன்றரை, இரண்டு நொடியில் முடியும். இரண்டு தோட்டா ஒன்றாக முட்டிக்கொண்டால் மேகசினைப் பிடுங்கி எறிந்துதான் ஆக வேண்டும். ‘டப்’ என்று வலுவில்லாத சத்தம் கேட்டு உதைப்பும் இல்லை என்றால் எதையும் செய்யாமல் நிறுத்துங்கள். வெடிமருந்து இல்லாத தோட்டாவின் குண்டு குழலில் சிக்கியிருக்கலாம்; அதற்குப் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் கிழியும். அந்த நேரத்தில் ‘ஸ்டாப்’ என்று ஆர்.ஓ. கத்துவது உங்கள் விரல்களைக் காப்பாற்றத்தான்.

சிவப்புப் புள்ளிக் குறியின் திருகுகள் உதைப்பில் தளரும். எண்ணெய் போகத் துடைத்து, திரவப் பூட்டுப் பசை வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்கி, திருகுத் தலைக்கும் உடலுக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், கோடு விலகியதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அட்டை ஒட்டும் கூட்டம்

உள்ளூர்ப் போட்டி தொடங்கி உலகப் போட்டிவரை இந்த விளையாட்டு பெரும்பாலும் தன்னார்வலர்களின் தோளில் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு குழு. ஒருவர் சுட, அடுத்தவர் தயாராக, இன்னொருவர் டேப்லெட்டில் ஸ்கோர் பதிய, மற்ற அனைவரும் துளைகளை ஒட்டுவதும் இரும்பைத் தூக்கி நிறுத்துவதும்தான் வேலை. ஸ்கோர் எடுக்கும் முன்னால் அவசரப்பட்டு ஒட்டினாலும், பழைய துளையை ஒட்டாமல் விட்டு எது யாருடையது என்று தெரியாமல் போனாலும், அந்தப் போட்டியாளர் மறுபடி சுட வேண்டியிருக்கும். அருமையாக முடித்த ஓட்டத்தை இன்னொருவரின் கவனக்குறைவால் இழப்பது எப்படியிருக்கும் என்பது பட்டவருக்குத் தெரியும். கோட்டைத் துளை தொட்டால் உயர்ந்த புள்ளி; சந்தேகமானால் கண்ணாடித் தகடு போன்ற ஓவர்லேயை வைத்துப் பார்ப்பார்கள். ஆர்.ஓ. பார்த்து முடிக்கும்வரை அட்டையைத் தொடக்கூடாது.

யு.எஸ்.பி.எஸ்.ஏ.வில் ‘கிளாசிஃபையர்’ என்ற ஒரே மாதிரியான ஸ்டேஜ்களை வைத்து ஆட்களைத் தரம் பிரிக்கிறார்கள்: 95 சதவீதத்துக்கு மேல் கிராண்ட் மாஸ்டர், 85-க்கு மேல் மாஸ்டர், 75-க்கு மேல் ஏ, 60-க்கு மேல் பி, 40-க்கு மேல் சி, அதற்குக் கீழே டி. பயனுள்ள அளவுகோல்தான், ஆனால் அந்த ஸ்டேஜ்களில் பெரும்பாலும் நின்று சுடுவதே அதிகம், ஓட்டமும் திட்டமிடலும் குறைவு. ஒன்றையே திரும்பத் திரும்பப் பயின்று உயர் தரம் வாங்கியவர், 32 குண்டு நீள ஸ்டேஜில் பி தரக்காரரிடம் தோற்பது அதிசயமில்லை.

கிளைகளும் உண்டு. 1981-ல் தொடங்கிய ஸ்டீல் சேலஞ்சில் ஐந்து இரும்புத் தட்டு, ஓட்டம் கிட்டத்தட்ட இல்லை, நேரம் மட்டுமே கணக்கு. கருவிகள் பந்தயத்துக்கே என்று மாறிப்போய்விட்டன என்று கருதியவர்கள் 1996-ல் தொடங்கிய ஐ.டி.பி.ஏ. என்ற அமைப்பில் புள்ளியை நொடியாக மாற்றி நேரத்தோடு கூட்டுகிறார்கள். வகுத்தல் இடத்தில் கூட்டல் வந்ததும் ஆட்டமே மாறிவிடுகிறது: எல்லா ஸ்டேஜிலும் ஒரு புள்ளியின் விலை ஒன்றுதான்.

முதல் போட்டிக்குப் போகிறவருக்கு

டிரிக்கரை முழுதாக மூடும் கடினமான ஹோல்ஸ்டர், தொய்யாத பெல்ட், குறைந்தது நான்கு மேகசினும் அவற்றுக்கான பைகளும், கண்ணாடி, காதுக் கவசம், சொந்தக் கணக்குக்கு மேல் ஐம்பது தோட்டா. கண்ணாடி பார்வையாளருக்கும் கட்டாயம். இரும்பில் பட்ட குண்டுச் சில்லு பின்னால் வரும், அதற்காகவே இரும்பை 7 மீட்டருக்குக் கிட்டே வைத்துச் சுடக்கூடாது என்ற விதி இருக்கிறது.

குழுத் தலைவரிடம் முதல் போட்டி என்று சொல்லிவிட்டு வரிசையில் கடைசியில் சுடக் கேளுங்கள், கொடுப்பார்கள். நான்கைந்து பேர் சுடுவதைப் பார்த்தபின் ஸ்டேஜ் விளங்கும். அன்று வேகத்தை அடியோடு மறந்துவிடலாம். குழல் திசை, விரல், இரண்டிரண்டு குண்டு, இவை மூன்று போதும்.

வீட்டில் காலித் துப்பாக்கிப் பயிற்சிதான் முன்னேற்றத்தின் பெரும்பகுதி. தோட்டாக்கள் இருக்கும் அறையில் அதைச் செய்யாதீர்கள். துப்பாக்கியின் வெடி அறையையும் மேகசினையும் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, பின்னால் குண்டைத் தாங்கும் சுவரை நோக்கி மட்டும். தினம் பத்துப் பதினைந்து நிமிடம், உருவுதல், மேகசின் மாற்றுதல், இலக்கிலிருந்து இலக்குக்குக் கண் தாவுதல். ரேஞ்சுக்குப் போகும்போது கூப்பரின் ‘எல் பிரெசிடென்ட்’ பயிற்சியை டைமரோடு செய்து பாருங்கள்: 10 கெஜத்தில் மூன்று அட்டை, முதுகைக் காட்டி நின்று, திரும்பி, ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு, மேகசின் மாற்றி, மறுபடி ஒவ்வொன்றிலும் இரண்டு. அந்தக் காலத்தில் 10 நொடி நல்ல நேரம். இன்று மேல்மட்டக்காரர்கள் 5 நொடிக்குள் முடிக்கிறார்கள். நேரத்தை மட்டும் எழுதாமல் புள்ளியையும் எழுதி, வகுத்து, அந்த எண்ணைக் குறித்து வையுங்கள்.